கயிற்றின் கடைசியில் நின்றவள்

நோயாளியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டுமென்றால் அந்த வார்டில் முதலில் தேடுவது அவளைத்தான். உயரமும் அகலமுமாகக் கதவை அடைத்துக்கொண்டு வருவாள். கட்டிலின் பிரேக்கைக் காலால் தட்டிப் பார்ப்பாள். கால்களை அகற்றி ஊன்றி, நோயாளியின் காதருகே, "என் கழுத்தைப் பிடிச்சுக்கோங்க" என்பாள். நோயாளி பயப்படத் தொடங்குமுன் வேலை முடிந்திருக்கும். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் யாராவது, "பூ மாதிரி இருக்கீங்களே, தூக்குறதே தெரியல" என்று நோயாளியிடம் செல்லம் கொஞ்சினால் மட்டும் அவள் முகம் மாறும். வெளியே வந்ததும், "அதை மட்டும் சொல்லாதே" என்பாள். ஏனென்று கேட்டால் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள்.

பள்ளியில் அவளுக்கு மூட்டை என்று பெயர். அவள் பெஞ்சில் உட்கார்ந்தால் மறுகோடியில் இருப்பவள் மேலே எழும்பிப் போவதுபோல் நடிப்பது வகுப்பின் தீராத வேடிக்கை. அவளும் கூடவே சிரித்துவைப்பாள். பதிலுக்குப் பதில் பேசும் வாய் அவளுக்கு இல்லை. விளையாட்டு வகுப்பில் மற்றவர்களின் தண்ணீர்ப் பாட்டில்களைக் காவல் காப்பாள்.

ஒருநாள் பி.டி. டீச்சர் அந்தப் பாட்டில்களுக்கு நடுவே வந்து நின்று, "உன் எடை என்ன?" என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"சிரிக்காதீங்கடி. கயிறு இழுக்குற டீமுக்குக் கடைசி ஆள் இல்லாம ஆறு மாசமா அலையுறேன். இங்க பாட்டிலுக்குக் காவல் நிக்குது."

எட்டுப் பேர் கொண்ட அணி. முன்னால் நிற்பவளுக்குக் குருவி என்று பட்டப்பெயர். கைக்குள் அடங்குகிற உடம்பு, பள்ளிக்கே கேட்கும் குரல். தாளம் சொல்வது அவள் வேலை. கடைசியில் நிற்பவள் நங்கூரம். கயிறு அவள் அக்குளுக்கடியில் போய், முதுகைச் சுற்றித் தோள்மேல் வந்து விழும். மற்றவர்கள் இழுப்பார்கள், அவள் நகராமல் இருக்க வேண்டும்.

"கையால இழுக்காதே. கை ஏமாத்தும்" என்பார் டீச்சர். "காலை நம்பு. குதிகாலை மண்ணுக்குள்ள இறக்கு."

முதல்முறை இறக்கியபோது எதிரே நின்ற எட்டுப் பேர் இழுத்தும் அவள் அசையவில்லை. குருவி கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொள்ளப் பார்த்தாள். பாதிதான் கை எட்டியது. "மூட்டைனு சொன்னவளெல்லாம் வரிசையா வந்து மன்னிப்புக் கேளுங்கடி!" என்று கத்தினாள். அந்தப் பெயரை அதிகம் சொன்னது குருவிதான்.

வீட்டில் அம்மாவும் அவளும் மட்டும். அப்பா அவள் பேசப் பழகுமுன்பே போய்விட்டார். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லாத கட்டடம். அம்மாவுக்கு ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை. ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை நீராவி உருளையில் விட்டு, மறுபக்கம் வருவதை மடிக்க வேண்டும். அன்று சாயங்காலம் அம்மா செருப்பைக் கழற்றுமுன் அவள் பின்னாலிருந்து அப்படியே தூக்கிவிட்டாள்.

"ஐயோ, இறக்குடி! கீழ் வீட்டுக்காரங்க திருடன் வந்துட்டான்னு நினைப்பாங்க!"

"நல்ல கனம்மா நீ."

"சும்மா வந்த கனமா இது? உன்னைச் சுமந்து வந்த கனம்" என்றாள் அம்மா, காற்றில் காலை உதைத்துக்கொண்டே.

அந்த வருஷம் மேல்வகுப்புப் பெண்கள் எல்லோரும் சனிக்கிழமைகளில் எங்காவது சேவைக்குப் போக வேண்டும் என்று பள்ளி சொன்னது. நூலகம், சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு என்று மற்றவர்கள் பிரிந்துகொண்டார்கள். யாரும் கேட்காதது மிஞ்சியது. நெடுநாள் நோயாளிகள் தங்கும் இல்லம். அவள் அதற்குப் போனாள்.

அங்கே இருந்த உதவியாளர் அக்காவுக்கு இடுப்பு வலி. இவளைப் பார்த்ததும் கடவுளைப் பார்த்ததுபோல் கையெடுத்துக் கும்பிட்டாள். தூக்குவது எப்படி என்று அக்கா காட்டியபோது அவளுக்கு ஆச்சரியம். அதே கால், அதே குதிகால், அதே நேர்முதுகு. கயிற்றுக்குப் பதில் ஒரு மனுஷி.

ஜன்னலோரக் கட்டிலில் டெலிபோன் அம்மா இருந்தார். ஒரு காலத்தில் டெலிபோன் ஆபரேட்டர். இடுப்புக்குக் கீழே அசைவில்லை; வாய்க்கு அந்தக் குறையெல்லாம் இல்லை.

"வா கண்ணு. லைன்ல இரு" என்பார் அவள் வந்ததும். அவள் தூக்கும்போது, "எப்படி, நான் தேறியிருக்கேனா?" என்று கேட்பார். கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அக்கா முன்பே சொல்லிவைத்திருந்தாள்.

"கனமாதான் இருக்கீங்க."

முதலில் அது உண்மை. பிறகு வாரத்துக்கு வாரம் அந்த உடம்பு அவள் கையில் குறைந்துகொண்டே வந்தது. பார்த்தால் தெரியாது, முகம் அப்படியேதான் இருந்தது. டாக்டரும் ஒன்றும் சொல்லவில்லை. தூக்கும்போதுதான் தெரிந்தது, நிறைந்த குடமென்று நினைத்துக் காலிக் குடத்தைத் தூக்குகிறவளைப்போல அவள் தடுமாறினாள்.

"கனமாதான் இருக்கீங்க" என்றாள் அன்றும்.

"இந்தா பாரு. தூக்கும்போது உனக்கு மூச்சு வாங்கல. பதில் சொல்லும்போது வாங்குது. நான் முப்பது வருஷம் குரலைக் கேட்டே ஆளை எடைபோட்டவ. உண்மையைச் சொல்லு."

அவள் அக்கா இருக்கும் திசையைப் பார்த்தாள். பிறகு, "போன வாரத்தைவிட ரொம்ப லேசா இருக்கீங்க" என்றாள்.

டெலிபோன் அம்மா தலையாட்டினார். "சரி. அப்போ என் தங்கச்சிக்குச் சொல்லி அனுப்பணும். பேச்சுவார்த்தை விட்டுப்போச்சு. நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிட்டே இருந்துட்டேன்."

அக்கா அவளை வராந்தாவில் பிடித்துக்கொண்டாள். "அறிவிருக்கா உனக்கு? இதெல்லாம் வாயில வரலாமா?"

அடுத்த சனிக்கிழமை அந்தக் கட்டிலருகே ஒரு வயதான பெண் உட்கார்ந்து, டெலிபோன் அம்மாவின் தலையை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். இருவரும் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை அந்தக் காலிக் கட்டிலில் விரிப்பு புதிதாக மாற்றப்பட்டிருந்தது. அக்கா அவளைத் திட்டவில்லை. ஒரு டம்ளர் தேநீர் கொடுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

இதற்கிடையில் அணி வென்றுகொண்டே போனது. போட்டி விதிப்படி எட்டுப் பேரின் மொத்த எடை ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. வரம்புக்குள் வருவதற்காக மற்றவர்கள் வயிற்றைக் கட்டினார்கள். "உன்னோடதுல மட்டும் ஒரு பிடி குறையக் கூடாது" என்று டீச்சர் அவளிடம் சொல்லியிருந்தார். இதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குக் கொண்டாட்டம். தன் தட்டிலிருந்து எடுத்து எடுத்து அவள் தட்டில் வைப்பாள்.

"நீ சாப்பிடும்மா."

"எனக்கென்ன, நானா நங்கூரம்? நீ குறைஞ்சா டீச்சர் என்னை வந்து கேட்பாங்க."

அம்மா வீட்டிலும் சலவைக்கூடத்துத் தொளதொள அங்கியைப் போட்டிருக்கத் தொடங்கியதை அவள் பார்த்தாள். கேட்டதற்கு, "துவைச்சுப் போட்டுக்க அங்க ஆள் இருக்கு, இங்க யார் இருக்கா?" என்று பதில் வந்தது. கன்னம் ஒட்டியிருக்கிறதே என்றால், "நாள்பூரா நீராவியில நிக்கிறேன். வேகாம இருந்தாத்தான் அதிசயம்." முன்போலத் தூக்கப் போனால், "இடுப்பு பிடிச்சிருக்கு, கிட்ட வராதே" என்று விலகிவிடுவாள். எல்லாவற்றுக்கும் சிரிப்பு வரும்படி ஒரு பதில் இருந்தது. அதனால் அவளும் சிரித்துவிட்டுப் போனாள்.

அணி இறுதிச்சுற்றுக்குத் தகுதி பெற்ற அன்று அவள் மூன்று மாடியையும் ஓடியே ஏறினாள். அம்மா அடுப்பங்கரையில் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். "அம்மா, ஜெயிச்சுட்டோம்!" என்று பின்னாலிருந்து இரண்டு கையாலும் வளைத்துத் தூக்கினாள்.

வழக்கம்போல ஊன்றித்தான் தூக்கினாள். அவள் நினைத்ததைவிட உயரமாக அம்மா மேலே போய்விட்டாள். அம்மாவின் தலை, மேலே துணி காயப்போடக் கட்டியிருந்த கயிற்றில் இடித்தது. அங்கிக்குள் எலும்பு மட்டும் கையில் பட்டது. ஜன்னலோரக் கட்டிலை அவள் கைகள் மறந்திருக்கவில்லை.

மெதுவாக இறக்கிவிட்டாள்.

அம்மா திரும்பாமலே கேட்டாள்: "என்ன, கனம் தாங்கலையா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சோறு போடுவாள், போட்டியைப் பற்றிக் கேட்பாள், எல்லாம் பழையபடி நடக்கும். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"லேசா இருக்கேம்மா. ரொம்ப லேசா இருக்கே."

அம்மா அடுப்பை அணைத்தாள். பிறகு அங்கியின் நுனியில் கையைத் துடைத்தாள், ஈரமே இல்லாத கையை.

"எவ்வளவு நாளா தெரியும் உனக்கு?" என்று கேட்டாள் மகள்.

"டாக்டர் எப்பவோ ஆஸ்பத்திரியில சேரச் சொல்லிட்டார். நான்தான் உன் போட்டி முடியட்டும்னு இருந்தேன்."

"அந்தக் கயித்துக்காகவா?"

"கயித்துக்காக இல்லடி. தண்ணிப் பாட்டிலுக்கு நடுவுல உட்கார்ந்திருந்தவ நீ. இப்போ வாசல்லயே கத்திக்கிட்டு வர்றே. அதைக் கொஞ்ச நாள் கேட்கலாம்னு இருந்தேன்."

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். தன் தட்டுக்கு வந்து சேர்ந்த ஒவ்வொரு பிடியும் நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் ருசித்துத் தின்றிருக்கிறாள்.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வர்றேன்" என்றாள் அம்மா. "ஆனா நீ போட்டிக்குப் போகணும். நீ மாட்டேன்னா நானும் வரமாட்டேன்."

போனாள். முதல் இழுப்பில் வென்றார்கள், இரண்டாவதில் தோற்றார்கள். மூன்றாவதில் எதிரணி ஒரு கட்டடத்தைப்போல் நின்றது. குருவியின் குரல் கிழிந்துபோயிற்று. ஒவ்வொருத்தியாகக் கால் நழுவினார்கள். கடைசியில் கயிற்றில் அவள் மட்டுமே இருந்ததுபோல் இருந்தது. விழவில்லை, விடவுமில்லை. நின்றபடியே இழுபட்டுப் போனாள். அவள் குதிகால்கள் புல்தரையில் நீளமாக இரண்டு பள்ளம் பறித்திருந்தன.

வார்டில் அம்மா முகத்தைப் பார்த்ததுமே கேட்டாள். "தோத்தாச்சா?"

"தோத்தாச்சு."

"விழுந்தியா?"

"இல்ல. நின்னபடியே இழுத்துட்டுப் போயிட்டாங்க."

அம்மா அவள் கையை வாங்கி விரித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் தோல் உரிந்து சிவந்திருந்தது. "அப்போ பரவாயில்ல" என்றாள். அந்தக் கையை விடாமல் தூங்கிப்போனாள்.

நோய் வைத்தியத்துக்குக் கேட்கவில்லை. தாமதமாக வந்ததாலா என்று அவள் டாக்டரைக் கேட்டாள். அவர் நேராகப் பதில் சொல்லாமல், முன்பே வந்திருந்தால் கொஞ்சக் காலம் கூடக் கிடைத்திருக்கலாம் என்றார். எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. குளிர் தொடங்கும்போது, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆம்புலன்ஸ் கட்டடத்தின் வாசலில் நின்றது. படிக்கட்டு திரும்பும் இடத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது என்று டிரைவர் கையை விரித்தார். அவள் கவலைப்படவில்லை. ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல் அம்மாவைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் ஏறிவிடுவாள், வழியில் நிற்கக்கூட வேண்டியிருக்காது. அதுதான் தாங்கவில்லை. ஒற்றைக் கையில் போகுமளவுக்கு ஆகிவிட்டோம் என்று ஒவ்வொரு படியிலும் அம்மாவுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

வாசலில் அணி முழுக்க நின்றிருந்தது. குருவி கூட்டிவந்திருந்தாள். மேல் வீட்டிலிருந்து கைவைத்த மரநாற்காலி ஒன்றையும் கேட்டு வாங்கி வைத்திருந்தாள்.

"எதுக்குடி இத்தனை பேர்?" என்றாள் அம்மா. "நான் என்ன பீரோவா?"

"ஆன்ட்டி, உங்க பொண்ணு கனம் எங்களுக்குத் தெரியும். அந்த வீட்டு ஆளைத் தூக்க நாலு பேர் போதுமா?"

அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துப் போர்வையால் சுற்றினார்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். மாடி திரும்பும் இடங்களிலெல்லாம் கை மாற்றிக்கொள்ள மற்றவர்கள் காத்திருந்தார்கள். அவள் மட்டும் மாறவில்லை. கீழ்ப்பக்கம், கடைசியாக, எல்லாக் கனமும் வந்து இறங்கும் இடத்தில் நின்றுகொண்டாள்.

"பிடி!" என்றாள் குருவி. "தூக்கு!"

நாற்காலி எழுந்தது. யாரும் சொல்லிவைக்கவில்லை. முதல் படியிலேயே முன்னால் இருந்தவள் "அம்மாடி" என்று முனகினாள். அடுத்தவள் பல்லைக் கடித்தாள். முதல் மாடியில் குருவி சுவரில் சாய்ந்து, நெற்றியில் இல்லாத வேர்வையை வழித்து உதறினாள்.

"ரொம்பக் கனமா இருக்கேனா?" என்று அம்மா கேட்டாள்.

"ஆன்ட்டி, இறங்கி நடங்களேன், புண்ணியமாப் போகும்!"

அம்மா சிரித்தாள். இந்தப் பெண்களில் ஒருத்திக்கும் நடிக்கத் தெரியாது. அம்மாவின் பார்வை அவர்களைத் தாண்டிக் கீழே வந்து மகளின் முகத்தில் நின்றது. மகள் உதட்டைக் கடித்தபடி மேலே பார்த்தாள். இந்த ஒருமுறை அம்மா அவளிடம் உண்மையைக் கேட்கவில்லை.

"மெதுவாவே போங்கடி" என்றாள். "கனம் இருக்குல்ல."

குருவி மறுபடியும் தாளம் சொன்னாள். மகள் குதிகாலைப் படியில் ஊன்றி நாற்காலிக் காலைத் தோளில் ஏந்திக்கொண்டாள். தோளில் மரத்தின் கனம் மட்டும்தான் இருந்தது.