ஏரி மேல் நடந்த நாள்

அத்தை இருந்த ஊர் அமெரிக்காவில் மினசோட்டா. போர்ட் பிளேயர் ஜங்லிகாட்டில் எங்கள் வீட்டுக்குக் கீழே கடை வைத்திருந்த பெங்காலிக்காரரிடம், லீவுக்கு அங்கே போகிறோம் என்று நான் பெருமையாகச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார்.

"மினின்னாலும் சின்னது, சோட்டான்னாலும் சின்னது. அரே பேட்டி, அவ்ளோ சின்ன ஊர்ல போய் என்ன பாப்பே?"

"பனி பாப்போம்" என்றேன்.

அவர் ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்து, உள்சுவரில் படிந்திருந்த வெள்ளையைக் கரண்டியால் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தார். "இதுதானே? இங்கேயே இருக்கே" என்றார். வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டுவதற்குள் அது கரைந்து முழங்கைவரை வழிந்துவிட்டது.

பனி பார்க்கப் போகிறோம் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார்கள். அது முழு உண்மையில்லை என்று எனக்கும் அரைகுறையாகத் தெரியும். "இந்த டிசம்பர்லயாவது அவள அங்க வச்சிருக்காதடா, என்கிட்ட அனுப்பு" என்று அத்தை போனில் அம்மாவுக்காக அப்பாவைச் சத்தம் போட்டது எனக்கும் கேட்டிருந்தது.

சுனாமி வந்தபோது அப்பாவுக்குக் கார் நிக்கோபார் தீவில் வேலை. அன்று ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் அவருக்கு டூட்டி. பூமி ஆடி நின்றதும் கடல் உள்ளே வாங்கியது. அம்மா தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, என் கையையும் பிடித்துக்கொண்டு மேட்டுப் பக்கம் ஓடினாள். தண்ணீர் எங்களைப் பின்னாலிருந்து அடித்துச் சுருட்டியது. நான் மறுபடி மூச்சுவிட்டபோது அம்மா ஒரு கையால் ஒரு மரத்தையும் இன்னொரு கையால் என்னையும் பிடித்திருந்தாள். தம்பி இல்லை. அவனுக்கு மூன்று வயது.

பிறகு அப்பாவுக்குப் போர்ட் பிளேயருக்கு மாற்றல் கிடைத்தது. அந்த ஊரில் கடலைப் பார்க்காமல் வாழ்வது சுலபமில்லை, ஆனால் அம்மா எப்படியோ வாழ்ந்தாள். கடல் தெரியும் ஜன்னலை ஆணி அடித்து மூடச் சொன்னாள். ஆட்டோக்காரரிடம் சுற்றுவழியாகப் போகச் சொல்வாள். பக்கத்திலிருக்கும் சாத்தம் தீவில் ஒரு கல்யாணம் வந்தது. அங்கே போகக் கடல்மேல் பாலம் தாண்ட வேண்டும் என்பதற்காகவே நாங்கள் போகவில்லை. தம்பியின் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. அவனுடைய ஒரு போட்டோகூடத் தப்பவில்லை என்பதால், அவன் முகம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டிருந்தது. அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள், நர்ஸ். டிக்கெட் அவள்தான் எடுத்தாள். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் அம்மாவும் மட்டும் போனோம். மெயின்லேண்டுக்கு எப்போதும் கப்பலில்தான் போவோம். அந்தமுறை சென்னைக்கே விமானம். விமானம் கிளம்பியதிலிருந்து அம்மா கண்ணைத் திறக்கவே இல்லை.

பனி, கடைக்காரர் காட்டியதைப்போல இல்லை. அது கூரைமேலும் கார்மேலும் மரக்கிளைமேலும் சத்தமே போடாமல் விழுந்துகொண்டிருந்தது. "பாப்ரே!" என்று நான் கத்தினேன். "உன் தமிழ்ல பாதி இந்திதான்டி" என்று அத்தை சிரித்தாள். அம்மா அத்தையின் பழைய கோட்டைப் புடவைக்குமேல் போட்டுக்கொண்டு வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தாள். "எவ்வளவு அமைதியா விழுது மதினி" என்றாள். அன்றிரவு அவள் திடுக்கிட்டு எழாமல் தூங்கினாள்.

அத்தைக்கு லீவு கிடைத்த நாளெல்லாம் எங்காவது கூட்டிப்போனாள். உறைந்துபோன ஒரு அருவியைப் பார்த்தோம். விழுந்த தண்ணீர் அப்படியே பாதியில் நின்றிருந்தது, பின்பக்கம் போய் நீல வெளிச்சத்தில் நிற்கலாம். இன்னொரு நாள் ஒரு குன்றுக்குப் போனோம். பிளாஸ்டிக் தட்டில் உட்கார்ந்து உச்சியிலிருந்து சறுக்க வேண்டும். காலையில் ஆரம்பித்து வெளிச்சம் போகும்வரை அங்கேயே இருந்தோம். ஏன் அத்தை அன்றைக்கு மட்டும் எங்களை வீட்டுக்கே விடவில்லை என்பது, அது டிசம்பரில் எந்த நாள் என்று பின்னாளில் யோசித்தபோதுதான் தெரிந்தது.

அத்தைக்கு ஒரு மகன். அவனுக்கும் மூன்று வயது. வட்ட முகம், எந்நேரமும் மூக்கு ஒழுகும். எல்லோரிடமும் ஒட்டிக்கொள்வான். அம்மாவிடமும் கையை நீட்டிக்கொண்டு வருவான். அம்மா பாத்திரம் கழுவப் போய்விடுவாள், அல்லது துணி மடிக்க ஆரம்பித்துவிடுவாள். ஒருதடவைகூட அவனைத் தூக்கவில்லை, அவன் முகத்தை நேராகப் பார்த்ததுமில்லை. அம்மாவுக்கு அவனைப் பிடிக்கவில்லை என்று நான் முடிவுகட்டிக்கொண்டேன். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

நாங்கள் திரும்புவதற்குக் கொஞ்சம் முன்பு, மாமா எங்களை வடக்கே வெகுதூரம் காரில் கூட்டிப்போனார். மரங்களுக்கு நடுவே பெரிய வெள்ளை மைதானம். அங்கங்கே சின்னச்சின்ன மரக்குடிசைகள், புகைக்குழாய்கள், நிறுத்திவைத்த வண்டிகள். வெயில் பளிச்சென்று அடித்தது, ஆனால் அதில் சூடே இல்லை. நானும் அம்மாவும் கைகோத்துக்கொண்டு ஓடினோம். நான் வழுக்கி விழுந்தேன், அவளும் என்மேல் விழுந்தாள். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டிருந்தது. அத்தைகூடத் திரும்பிப் பார்த்தாள்.

"தங்கச்சி, நாம இப்ப எங்க நிக்கிறோம் தெரியுமா?" என்றார் மாமா. "ஏரிக்கு மேல."

அம்மா எழுந்து நின்றாள். "ஏரியா? கீழ தண்ணி இருக்காண்ணே?"

"இருக்கு. மேல ஒரு முழம் ஐஸ். லாரியே போகும், பயப்படாதீங்க."

அவளைச் சமாதானப்படுத்தவென்று, ஒரு கிழவர் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு மாமா அழைத்துப்போனார். ஐஸில் தட்டளவு துளை. உள்ளே தண்ணீர் கறுப்பாக அசைந்தது. அம்மா குனிந்து அதையே பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம், அத்தை மகன் மறுபக்கம்.

அப்போதுதான் ஏரி முழங்கியது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தூரத்தில் எங்கோ அடியிலிருந்து கிளம்பி, எங்கள் காலுக்குக் கீழே உருண்டு, அந்தப் பக்கக் கரைவரை போன ஒரு சத்தம். கிழவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

அம்மா அத்தை மகனை வாரித் தூக்கினாள். மார்போடு இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு கரையைப் பார்த்து ஓடினாள். புடவை காலில் தடுக்கியது, ஒரு பூட்ஸ் கழன்று விழுந்தது, அவள் நிற்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல! ஐஸ் இறுகுற சத்தம்தான்!" என்று மாமா கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். நான் அந்தத் துளைக்குப் பக்கத்தில் தனியாக நின்றேன். அம்மா கையுறையோடு பிடித்திருந்த என் கை அப்படியே நீண்டிருந்தது.

கரையில் ஏறிய பிறகுதான் அவள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். அத்தை போய்ப் பையனை வாங்கப் பார்த்தாள். அம்மா கொடுக்கவில்லை. அவன் பயந்துபோய் வீறிட்டு அழுதான். அம்மா அவன் முகத்தைத் திரும்பத் திரும்பத் தடவி, "புடிச்சிட்டேன்டா, புடிச்சிட்டேன்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அத்தையும் அழ ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் மாமாதான் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

காரில் அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்தாள். நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன். பனியில் வெறும் காலோடு ஓடியதில் அவள் பாதம் வெளுத்துப்போயிருந்தது. அத்தை அதை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டு வந்தாள்.

"உன்ன விட்டுட்டேன்டி" என்றாள் அம்மா மெதுவாக.

"ஆமா, விட்டுட்ட" என்றேன்.

போர்ட் பிளேயர் வந்து சேர்ந்தோம். அப்பா விமான நிலையத்தில் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார், பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். மறுநாள் குழாயில் தண்ணீர் வருகிற முறை. அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரம்மில் நிரப்பிக்கொண்டிருந்தார். நல்ல சமயம் என்று நான் பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். ஏரி, சத்தம், கிழவர், துளை. "அம்மா அத்தை பையனத் தூக்கிட்டு ஓடிட்டாங்கப்பா. அவனப் புடிக்கவே புடிக்காது அவங்களுக்கு. இருந்தும் என்ன அங்கயே விட்டுட்டு அவனத்தான் தூக்கினாங்க."

அப்பா கையிலிருந்த டியூபைக் கீழே போட்டார். தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. அப்படியே உள்ளே போனார்.

எனக்காகக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அம்மா திட்டு வாங்குவதைப் பார்க்க, சமையலறைக் கதவோரம் போய் நின்றேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அப்பா அவளுக்கு எதிரே ஈரக்காலோடு உட்கார்ந்தார். அவள் கையிலிருந்த வெங்காயத்தை வாங்கி வைத்தார். அப்புறம் தம்பியின் பெயரைச் சொன்னார்.

அம்மா அவர் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். திட்டப் போனவர் ஏன் அவளைவிடப் பெரிதாக அழுகிறார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.