ஏழு கோப்புகளில் நானாவின் பெயர்

ஏழு சிறிய கோப்புகள், ஏழிலும் உரிமையாளராக நானாவின் பெயர். அந்தத் திரை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. கண்டியில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் நானும், வயதில் மூத்தவர் என்பதால் நானா, அதாவது அண்ணன், என்று நான் கூப்பிட்ட ஒருவரும் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்டோம். எங்கள் லினக்ஸ் கணினி தொடங்கும்போதெல்லாம் ஒரு தொடக்கக் கோப்பில் உள்ள கட்டளைகள் தாமாக ஓடும். ஆளாளுக்கு எழுதிச் சேர்த்து, அந்தக் கோப்பு தலையும் வாலும் தெரியாமல் நீண்டு கிடந்தது. புதிதாக வந்த நானா, கட்டளைகளில் கை வைக்காமல் அவற்றுக்கு மேலே எழுதியவர்கள் விட்டிருந்த பழைய குறிப்புகளை மட்டும் கழற்றிவிட்டு, அதை ஏழாகப் பிரித்து எண் போட்டு அடுக்கினார். யாரும் கேட்காத வேலையை ஒரு மனிதன் ஏன் இழுத்துப்போட்டுச் செய்கிறான் என்றுதான் எனக்குப் பட்டது. பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்க்காமல் வீட்டுக்குப் போகும் பன்வில பஸ்ஸில் ஏறாதவள் நான்.

அவர் தேநீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அந்தக் கோப்புகளைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். ஐந்தாவதில் அகப்பட்டது. நோயாளிகளின் அறிக்கைகளை வெளியே, வெறும் எண்களாக இருந்த ஏதோ ஒரு முகவரிக்கு நகலெடுத்து அனுப்பும் ஒற்றை வரி. உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். நேரே மெனேஜரிடம் போனேன்.

"ஃபைல் ஒங்கட பேர்ல தானே இருக்கு?" என்று அவர் நானாவைக் கேட்டார்.

"பேர் என்ட தான் சேர். பழசுல இருந்தத நான் பிரிச்சி வெச்சா என்ட பேர் தான் விழும்." நானா என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, பழைய ஃபைல நான் அழிக்கல்ல. ஒருக்கா தொறந்து பாருங்க."

"அதையும் இவரே மாத்தியிருப்பாரு சேர்," என்றேன். மெனேஜருக்குக் கணினி விஷயம் புரியாது, என் பேச்சைத்தான் நம்புவார். அன்றே நானாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

அடுத்த கிழமை அந்தப் பழைய கோப்பைத் திறந்தேன், அவர் எதை மாற்றியிருக்கிறார் என்று பிடிக்கத்தான். அதே வரி அங்கேயும் இருந்தது. அதற்கு மேலே அவர் கழற்றிவிட்ட குறிப்பு: ஊரடங்கு நாட்களில் வீட்டிலிருந்து வேலை செய்வதற்கு, முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். பக்கத்தில் என் பெயர். நானே எழுதி, நானே மறந்துபோன வரி அது; அந்த எண்கள் என் வீட்டுக் கணினியின் முகவரி.

பிரித்து அடுக்கியவர் அந்தக் குறிப்பைப் படிக்காமலா இருந்திருப்பார்? மெனேஜர் முன்னால் என் பெயரைச் சொல்லியிருந்தால் அவருடைய வேலை தப்பியிருக்கும். அதை நானே சொல்லட்டும் என்று விட்டிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

நானா தெல்தெனியவில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருக்கிறாராம் இப்போது. பழைய கோப்பை, அந்தக் குறிப்பைப் படித்த அன்றே நான் அழித்துவிட்டேன். மெனேஜரிடம் இன்றுவரை எதுவும் சொல்லவில்லை.