கேள்வியம்மா கேட்காத ஒருவர்

“கிட்னியில ஏதாவது கோளாறு உண்டா?”

கரண்டி ஜூனிபர் காய் ஜாடியின் வாயிலேயே நிற்கிறது. பதில் வரும்வரை உள்ளே இறங்காது. இல்லை என்றால் அடுத்தது, “மாசமா இருக்கீங்களா?” மீசை வைத்த ஆளிடமும் இதைக் கேட்பார். அவர் திருதிருவென்று முழித்தால், “உங்களைக் கேக்கலைங்க. வீட்டுல யாரு குடிக்கப்போறாங்களோ, அவங்களை” என்று அலுப்போடு விளக்கம் வரும். மூன்றாவது, “சுகருக்கோ நீர் பிரியறதுக்கோ மாத்திரை போடறீங்களா?”

மூலிகைக் கடை அண்ணனுடையது. பதினெட்டு வருடமாக அதில் கால் கடுக்க நின்று இப்படிக் கேட்பது அவருடைய தங்கை. வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் கேள்வியம்மா. காலையில் இடது செருப்பை மட்டும் கழற்றி, அந்தக் காலை மேஜையின் குறுக்குச் சட்டத்தில் ஏற்றிவைத்து நிற்பார். மதியத்துக்கு மேல் வலது காலின் முறை. உட்கார நாற்காலி உண்டு. அதில் எப்போதும் ஏதாவது ஒரு சாக்கு உட்கார்ந்திருக்கும்.

ஜூனிபர் குளிர்நாட்டு ஊசியிலைச் செடி. அதன் காய் மிளகைவிடப் பெரியது, நீலம் பாரித்த கருப்பு. ஒன்றை நகத்தால் கீறி முகர்ந்து பார்ப்பார். பிசின் வாசனை வந்தால்தான் பொட்டலம் மடிப்பார். “வயித்து உப்புசம் கேக்கும், நீர் பிரியும். ஒரு ஸ்பூன் நசுக்கிப் போட்டு வெந்நீர் ஊத்தி மூடி வைங்க. நாலு வாரம் குடிச்சா போதும், நிறுத்திடணும்.” எண்ணெய்க் குப்பி கேட்பவர்களுக்குக் குரல் உயரும். “வாயில வச்சிடாதீங்க. வேற எண்ணெயில கலந்து மேலுக்குத் தேய்க்க மட்டும்தான்!”

இலை தழைதானே, என்ன செய்துவிடும் என்று நான் ஒருமுறை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். “ஒண்ணும் செய்யாதுன்னா எதுக்குங்க வாங்க வந்தீங்க?” என்றார்.

போன மாதம் அண்ணனுக்குக் கால் வீங்கியது. சிறுநீரகம் பாதிக்கு மேல் பழுது என்றார் டாக்டர். என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று குடைந்ததில்தான் விஷயம் வெளியே வந்தது. மூன்று மாதமாக, தினம் இரண்டு வேளை ஜூனிபர் கஷாயம். சாயங்காலம் கல்லாச் சாவி வாங்க வரும்போது ஒரு கைப்பிடி அள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். முதலாளி ஜாடியில் கைவிட்டால் யார் தடுப்பது? கேள்வியம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அண்ணிக்கு உப்புசம் போல என்று நினைத்துக்கொண்டார்.

பழுதுக்குக் காரணம் இதுதான் என்று டாக்டர் சொல்லவில்லை. ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்துக்கு இது ஆகாது, உடனே நிறுத்துங்கள் என்றார். ஒரு மாதம் கழித்து வீக்கமும் ரத்தத்தில் உப்பின் அளவும் இறங்கவில்லை என்றால் டயாலிசிஸ்தான் என்றும் சொல்லிவிட்டார்.

“ஊரு பூரா கேட்டேன். கூடப்பொறந்தவரை ஒரு வார்த்தை கேக்கலையே” என்று என்னிடம் சொன்னபோது அவர் அழவில்லை. அழக்கூடத் தெம்பில்லாத முகம்.

நேற்று நான் போயிருந்தபோது அண்ணன் மூச்சு வாங்க வந்தார். மறுநாள் பரிசோதனை.

“வீக்கம் எவ்வளவோ வடிஞ்சிடுச்சும்மா. நடக்கவே லேசா இருக்கு” என்று எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னார்.

“உட்காருங்கண்ணா.”

நாற்காலியிலிருந்த சாக்கை இறக்கிவிட்டு அவரை உட்காரவைத்தார். எதிரே தரையில் குந்தி, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார். கணைக்கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். விரல் இருந்த இடத்தில் குழி விழுந்தது. பார்த்துக்கொண்டே இருந்தோம். அது மேலே வரவில்லை; உள்ளே நீர் அப்படியே இருந்தது.

தொந்தி மறைத்ததால் அண்ணனால் குனிந்து பார்க்க முடியவில்லை. “என்னம்மா, வடிஞ்சிருக்குல்ல?” என்றார்.

கேள்வியம்மா சுருட்டிய கால்சட்டையை மடிப்பு மடிப்பாகப் பிரித்து, அந்தக் குழிக்கு மேல் இறக்கிவிட்டார்.