கழற்றி வைத்த நிலை

பழைய கட்டடங்களை இடித்துக் கழற்றுவதுதான் அவருடைய தொழில். கூட வேலை செய்பவர்கள் 'உடைப்பு அண்ணன்' என்பார்கள். எதை எடுத்தால் எது விழும் என்று சுவரைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் இன்று தன் வீட்டு அறைவாசலில், மூன்று ரம்பங்களையும் ஒரு கடப்பாரையையும் பரப்பிவைத்துக்கொண்டு, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் உட்கார்ந்திருந்தார்.

விபத்துக்குப் பிறகு மகள் சக்கர நாற்காலியில் வீடு திரும்பியிருந்தாள். நாற்காலியை டேப் பிடித்து அளந்தவர், கதவை மட்டும் கழற்றினால் போதும் என்றார். நாற்காலி நுழையத்தான் செய்தது. ஆனால் சக்கரத்தைத் தள்ளும் கைகளை அவர் அளக்கவில்லை. கதவு நிலையின் மரத்தில் உரசி, விரல் முட்டிகளில் தோல் உரிந்துவிட்டது.

"நிலையையே எடுத்துடுங்க" என்றாள் மனைவி.

"எடுத்துட்டா?"

"எடுத்துட்டா புள்ள உள்ள போவா. ஊரார் வீட்டு நிலையைப் பேத்துப்போட்டுட்டுத்தானே சாப்பிடவே உக்காருவீங்க, இதுக்கு மட்டும் என்ன யோசனை?"

மகள் மறுபடி நடப்பாளா? டாக்டர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. நிலையை உடைத்தால், இனி நடக்கமாட்டாள் என்று பெற்ற அப்பனே தீர்ப்புச் சொன்னதாகாதா? விட்டால், அந்தக் கைகள் என்னாவது?

வட்ட ரம்பத்தை எடுத்தார். அது மரத்தைத் துண்டாக்கிவிடும், கீழே வைத்தார். கடப்பாரை போட்டால் சுவரும் சேர்ந்து பெயரும். கைரம்பம் ஆணியில் பட்டால் பல் போய்விடும்.

"என்னப்பா, கடை விரிச்சிருக்கீங்களா?" விரல்களில் கட்டோடு மகள் நாற்காலியை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தாள்.

"எதை எடுக்கறதுன்னே தெரியலம்மா."

"உங்களுக்கா? சரி, நிலை வேணுமா, வேண்டாமா? அதைச் சொல்லுங்க முதல்ல."

"வேணும். ஆனா, இங்க வேண்டாம்."

சொன்ன பிறகுதான் அது அவருடைய காதிலேயே விழுந்தது. மூன்றாவது ரம்பத்தைப் பார்த்தார். முன்னும் பின்னும் ஓடி அறுக்கும் மின்ரம்பம். இடிக்கிற இடத்தில் மரம், இரும்பு என்று பார்க்காமல் குதறும் முரட்டுச் சாமான். ஆனால் நிலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் நுழைய அதன் ஒல்லிப் பிளேடை விட்டால் வேறு நாதியில்லை. இரும்பு அறுக்கும் பிளேடை மாட்டினார். பூச்சைச் சுரண்டி, மரத்தைத் தொடாமல், ஆணிகளை மட்டும் ஒவ்வொன்றாக அறுத்தார்.

கடைசி ஆணி அறுந்ததும் நிலை முழுசாக அவர் மார்பில் சாய்ந்தது. தூங்கும் குழந்தையைத் தாங்குவதுபோல் தாங்கிக்கொண்டார்.

மகள் இரு கைகளாலும் சக்கரத்தைத் தள்ளி உள்ளே போனாள். எதுவும் உரசவில்லை.

"இதைக் கொண்டுபோய் எங்க வைப்பீங்க? மனுசங்க நிக்கவே இடமில்ல" என்றாள் மனைவி.

அவர் நிலையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனார்; சமையலறைக்குப் போனார்; திரும்பி வந்தார். வைத்திருப்பது நம்பிக்கையா, பைத்தியக்காரத்தனமா, அவருக்கே விளங்கவில்லை.

உள்ளிருந்து மகளின் குரல் கேட்டது.

"அப்பா, நனையாத இடமா பாத்து வைங்க."