நாற்காலியில் ஒரு தொப்பி

மரச்செருப்புகளை வாசலிலேயே கழற்றிவிட்டு, காலுறையோடு பின்கட்டுக்கு நழுவுகிறாள் டிக்னா. தரை அழுக்காகிவிடும் என்பது ஊருக்குச் சொல்லும் காரணம். தான் வருவது வேலைக்காரி லைஸ்பெத்துக்குக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். பால் குடத்தை மோந்து பார்ப்பாள். வெண்ணெயில் தான் கத்தியால் கீறிய கோடு கலைந்திருக்கிறதா என்று குனிவாள். துணி அலமாரிச் சாவி அவள் இடுப்பை விட்டு இறங்கியதே இல்லை. "ஆணியில மாட்டினா ஆணிக்கும் கை முளைக்கும்" என்பாள்.

டெல்ஃப்ட் நகரத்தில் எங்கள் கால்வாய்த் தெருவில் அவள் வீட்டைப் போல் சத்தமில்லாத வீடு வேறில்லை. ஆளுக்கு ஆள் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தால் சத்தம் எங்கிருந்து வரும்? எதிர்வீட்டு ஓவியர் ஃப்ளோரிஸ் மட்டும் அந்த அமைதியில் சொக்கிப்போய், வரைந்தே தீருவேன் என்று வந்து உட்கார்ந்தார். அடுத்த வீட்டுக்காரியான எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

படம் அழகுதான். சன்னல் வெளிச்சத்தில் லைஸ்பெத் தரை பெருக்குகிறாள். ஆனால் அவளுக்குப் பின்னால், திறந்த கதவுக்கு அப்பால், அவள் படுக்கிற உள்ளறை நாற்காலியில் ஓர் ஆணின் கறுப்புத் தொப்பி. பார்த்ததும் டிக்னாவின் முகம் செத்துவிட்டது. அவள் கணவர் யோரிஸின் தொப்பியும் அதே கறுப்பு. அதன் இடம் வாசல் ஆணி.

ஃப்ளோரிஸைப் போய் உலுக்கினாள். அந்த மூலைக்குக் கொஞ்சம் கறுப்பு தேவைப்பட்டது, நானாகச் சேர்த்தேன் என்றார் அவர்.

"இல்லாததை எதுக்குய்யா வரையணும்?"

ஊர் கண்ணில் படக் கூடாதென்று படத்தைத் தானே வாங்கி வந்து மாட்டி, அதன்மேல் பச்சைத் திரையும் போட்டாள். அந்த உள்ளறைப் பக்கமே போனதில்லை என்று யோரிஸ் சத்தியம் செய்தார். லைஸ்பெத் என்னிடம் வந்து அழுதாள். இந்தப் பழியோடு வெளியேறினால் இந்த ஊரில் எந்த வீடு அவளைச் சேர்க்கும்? பாவம் அந்தப் பெண். ஆனால் யாரை நம்புவதென்று எனக்கும் தெரியவில்லை.

நேற்று, குளிருக்குக் கால் வைத்துக்கொள்ளும் கால்சூட்டுப் பெட்டிக்குக் கங்கு வாங்க அங்கே போயிருந்தேன். யோரிஸ் உள்ளே வந்ததும், டிக்னா அவர் தொப்பியை எடுத்து லைஸ்பெத்திடம் நீட்டினாள்.

"இந்தாடி. வழக்கமா வைக்கிற இடத்துல வை."

அந்தப் பெண் தொப்பியை வாங்கிக்கொண்டு நின்றாள். எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். யோரிஸ் தரையைப் பார்த்தார். பிறகு அவள் கால்கள், பயத்திலோ பழக்கத்திலோ, வாசல் பக்கம் போகாமல் உள்ளறைப் பக்கம் திரும்பின.

டிக்னா காலுறைக் கால்களோடு அவளை முந்தி ஓடினாள். அந்த நாற்காலியில் பாவாடையை நன்றாக விரித்து உட்கார்ந்துகொண்டாள்.