முகச்சாடையை நம்பி மாத்திரையை நிறுத்தினேன்

கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு விவசாயம் செய்கிறோம். வயதான காலத்தில் அப்பாவுக்கு மறதி நோய் வந்தது. என்னைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்பார். அண்ணனை மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். எனக்கு வயிறு எரியும்.

அண்ணன் அப்பாவை உரித்து வைத்தது போல இருப்பார். நான் அம்மா சாடை. பூண்டில் எந்தப் பல்லை நட்டாலும் அதே மாதிரிதான் விளையும். மனிதனும் அப்படித்தான், இந்த நோய் அண்ணனுக்குத்தான் வரும் என்று நம்பி, மூளைக்கும் நல்லது என்று போட்டுவந்த என் பிரஷர் மாத்திரையைக்கூட நிறுத்திவிட்டேன்.

வத்தலக்குண்டில் அப்பாவைப் பார்த்த டாக்டரம்மாவிடம், "எனக்கு வராதுதானேம்மா?" என்று கூச்சத்தோடு கேட்டேன்.

"முகச்சாடையை வச்சுச் சொல்ல முடியாதுங்க. இதுக்கு வாய்ப்பைக் கூட்டுற மரபணு உங்க ரெண்டு பேருல யாருக்கு வேணும்னாலும் வந்திருக்கலாம். வந்திருந்தாலும் நோய் வந்தே தீரும்னு இல்ல. பிரஷரைக் கவனிக்காம விட்டாதான் மூளைக்கு இன்னும் கெடுதல்" என்றார்.

பக்கத்திலிருந்த அண்ணன், "ஏலே, அப்பா நெலத்துல சரிபாதி கேட்ட. இதுல மட்டும் பங்கு வேண்டாமாக்கும்?" என்று சிரித்தார்.

இப்போது மாத்திரையை விடுவதில்லை. மாதாமாதம் இருவரும் சேர்ந்து போய் பிரஷர் பார்க்கிறோம். அண்ணனுக்கு எப்போதும் சரியாகவே இருக்கிறது. அந்தப் பொறாமையில்தான் நான் உப்பையும் குறைத்திருக்கிறேன்.