டாக்டர் சொன்ன வலிவு

நாய் ஏன் குறட்டை விடுகிறது என்று யாராவது கேட்டால் நான் உட்கார வைத்துப் பாடமே நடத்துவேன். மல்லாந்து படுத்தால் விடும். சப்பை மூக்கு நாய் விடும். தின்று கொழுத்ததும் விடும், சளி பிடித்ததும் விடும். தூங்கும்போது மட்டும் கேட்டால் பெரும்பாலும் பயமில்லை. விழித்திருக்கும்போதும் கேட்டால் ஆசுபத்திரிக்கு நடக்க வேண்டியதுதான். நாலாம் வகுப்போடு நின்றவன் நான். இன்றைக்கு எர்ணாகுளத்தில் என் கடைகளில் கணக்கு எழுதுகிறவர்கள் எல்லாம் பட்டம் வாங்கியவர்கள். ஆனாலும் வீட்டில் நாய் இருமினால் என்னைத்தான் கேட்பார்கள். எல்லாம் மட்டாஞ்சேரியில் சித்தப்பாவின் கைசரிடம் படித்தது.

எழுபதுகளின் கடைசியில் நான் சித்தப்பா வீட்டில் வளர்ந்தேன். அவர் ஒரு சேட்டுவின் சுக்குக் கிட்டங்கியில் மேஸ்திரி. சுக்குக்குச் சுண்ணாம்பு பூசிக் காய வைத்து மூட்டை பிடிக்கிற இடம். உள்ளே போனால் வெள்ளைத் தூசி இமையில் உட்காரும். கைசர் அங்கே காவல் நாய். சித்தப்பா தன் சோற்றில் பாதியையும் மீனில் முக்காலையும் அதற்குப் போட்டு உருட்டித் திரட்டி வைத்திருந்தார். அது மூட்டைகளுக்கு நடுவே படுத்துக் குறட்டை விட்டால் தராசுக்காரர் இரண்டு தடவை கத்தித்தான் எடை சொல்ல வேண்டும்.

சேட்டு ஒருநாள் நின்று கேட்டார்.

“மேஸ்திரி, இது காவல் நாயோ, உறக்க நாயோ?”

“சேட்டே, இந்தச் சத்தத்தக் கேட்டா எந்தக் கள்ளன் உள்ள வருவான்? புலி கெடக்குன்னுல்லா நெனைப்பான்.”

சேட்டு சிரிக்கவில்லை. வாங்க வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள், டாக்டரிடம் காட்டு, சீக்கென்றால் கிட்டங்கியில் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். தெருவுக்குப் போனால் முனிசிபாலிட்டி வண்டி பிடித்துக்கொண்டு போய்விடும் என்று சித்தப்பா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டில் நாய் வைக்கச் சித்தி விட மாட்டாள்.

மறுநாள் மிருகாசுபத்திரிக்குப் போனோம். கயிறு என் கையில். வழியெல்லாம் கைசர் நின்று நின்று வந்தது. டாக்டர் அதன் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். உதட்டைத் தூக்கி ஈறின் நிறம் பார்த்தார்.

“உறங்கும்போள் மாத்ரமோ? உணர்ந்நிருக்கும்போழும் உண்டோ?”

தூங்கும்போது மட்டுமா, விழித்திருக்கும்போதும் உண்டா என்று கேட்டதும், நாயைக் குறைத்து மதிக்கிறார் என்று சித்தப்பாவுக்குப் பட்டது.

“எப்பவும் உண்டு டாக்டரே. நடக்கும்போதும் உண்டு.”

டாக்டர் தலையை ஆட்டினார். “இது கூர்க்கம் அல்ல. வலிவாணு.” குறட்டை இல்லையாம், வலிவாம். மருந்து எழுதினார். தீனியைக் குறைக்கச் சொன்னார், தூசி ஆகாது என்றார். சித்தப்பாவின் காதில் வலிவுக்குப் பிறகு ஒன்றும் ஏறவில்லை.

பத்து வருஷம் கொச்சியில் இருந்தும் அவர் மலையாளம் படித்ததில்லை. பாதி தமிழ்தானே, மீதியை ஊகித்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. வழியில் சாயாக்கடைச் சேட்டனிடம், “நம்ம கைசருக்கு வலிவாம், டாக்டரே சொல்லிட்டாரு” என்றார்.

“அய்யோ, கஷ்டம்” என்றார் சேட்டன்.

கொஞ்ச தூரம் வந்ததும் சித்தப்பா கேட்டார். “ஏல, நம்ம நாய் வலிவா இருந்தா இவனுக்கு என்னல கஷ்டம்?”

எனக்கும் தெரியவில்லை. பொறாமை என்று முடிவு செய்தோம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிட்டங்கிக்குப் போய்ச் சேட்டுவிடமும் அதையே சொன்னார். மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் சேட்டு, “வலிவோ? எந்நால் இவிடெ வேண்டா” என்று கையை வாசல் பக்கம் காட்டினார்.

சித்திதான் விளக்கினாள். அவள் மட்டாஞ்சேரியில் பிறந்தவள்.

“வலிவுன்னா இங்க மூச்செளைப்பு. சீக்குன்னு நீங்களே போய் ஒப்பிச்சிட்டு, நெஞ்ச வேற நிமித்திக்கிட்டு வந்தீங்களாக்கும்.”

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பு அடங்கியபோது கைசர் அவள் காலடியில் நின்று இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பின்பக்கம் காயல் காற்று வரும் சாய்ப்பில் ஒரு சாக்கை விரித்துப் போட்டாள்.

தூசி இல்லை, மீன் இல்லை, மருந்தும் கஞ்சியும்தான். மழைக்காலம் முடிவதற்குள் கைசரின் வயிறு உள்ளே போயிற்று. பகலில் சத்தம் நின்றது. தூங்கும்போது மட்டும் லேசாகக் கேட்கும். “நான்தான் அன்னைக்கே சொன்னேம்லா, வலிவுன்னு” என்று சித்தப்பா அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

மத்தியானச் சோறு கொண்டு போவது என் வேலை. சாப்பிட்டதும் சித்தப்பா மூட்டை மேல் சாய்வார். முன்பெல்லாம் அந்த நேரத்தில் கிட்டங்கிக்குள் இரண்டு குறட்டை கேட்கும். கைசர் வீட்டுக்குப் போன பிறகும் ஒன்று கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவர் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு தராசு வரைக்கும் நடப்பார். சத்தமும் அவரோடு நடந்து போகும்.

விழித்திருக்கும்போதும் உண்டா என்று டாக்டர் கேட்ட கேள்வி எனக்கு மனப்பாடம். அதை நாய்க்கு மட்டும் உள்ள கேள்வி என்று வைத்திருந்தேன். தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். சாய்ப்பில் கைசர் சத்தமில்லாமல் எழுந்து வந்து, சட்டியில் மீன் வாசனை இருக்கிறதா என்று பார்க்கும்.